டிக்கிக்குள் ஆற்று வண்டல்

2025 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருநெல்வேலி வண்ணார்பேட்டை சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தேன். களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு மினி லாரி பின்னால் வந்து முட்டியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஓட்டியது 1983 மாடல் பிரீமியர் பத்மினி கார். லாரியின் பம்பர் என் பம்பரைவிட ஒரு சாண் உயரம். அதனால் குரோம் பம்பர் பேருக்குத்தான் அடி வாங்கியது. முழு அடியும் டிக்கி மூடிக்கும் வலது மூலைக்கும் போனது. இறங்கிப் பார்த்தால் வலது பின்விளக்கின் சிவப்பு லென்ஸ் ரோட்டில் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது, அதன்மேல் லாரியிலிருந்து சரிந்த இரண்டு சீப்பு நாட்டுப்பழம்.

டிரைவர் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்காது. “பிரேக் புடிச்சேன் அண்ணாச்சி, வண்டி கேக்கல” என்றான். அவனிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? லாரிக்காரர் எட்டாயிரம் ரூபாயும் ஒரு தாரும் கொடுத்தார். தார் நன்றாகப் பழுத்தது. எட்டாயிரம் எங்கே போனது என்று பின்னால் தெரியும்.

வண்டி அப்பா வாங்கியது. 1089 சிசி, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் பெஞ்சு சீட்டு. நாங்கள் ஐந்து பேரும் ஒரு பானை இட்லியும் அதில் குற்றாலம் போயிருக்கிறோம். கடையில் நிறுத்தினால் இன்றைக்கும் யாராவது ஒரு பெரியவர் வந்து பானட்டைத் தடவிவிட்டுப் போவார். 1964-இல் ஃபியட் 1100 டி என்று பம்பாய் குர்லாவில் தயாரான அதே உடம்புதான், எழுபதுகளில் பத்மினி ஆனது. நம் ஊரில் கடைசி வரைக்கும் அது ‘பியட்டு’தான்.

முதலில் காட்டிய பட்டறையில் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் வேலை. தட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சிரலாம். பதினாலாயிரம்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் இதைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்றார்கள். ஒன்று மலிவு, இன்னொன்று அவமானம். இரண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒன்றைக் கவனித்தேன். வலது பின்கதவு சரியாகச் சாத்தவில்லை. தூக்கி அழுத்தினால்தான் பூட்டு விழுந்தது. கதவின் மேல் மூலையில் இடைவெளி குறுகி, பெயிண்ட் உரசியிருந்தது. அடி விழுந்தது டிக்கியில். கதவு ஏன் இடிக்கிறது?

இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. ஜீப்பு, லாரி மாதிரி கீழே ஒரு சேஸிஸ், அதன்மேல் ஒரு கூடு என்று இல்லை. தரைத்தகடு, மட்கார்டு, தூண், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்த ஒரே பெட்டி. டிக்கித் தரைக்கு அடியில் இரண்டு பக்கமும் தகட்டை மடித்துச் செய்த குழல் மாதிரி இரண்டு கைகள் ஓடும். பின் ஸ்பிரிங் பட்டையின் கடைசி நுனி அவற்றில்தான் தொங்குகிறது. பின்னால் முட்டினால் அந்தக் கை நசுங்கி, தரை மடிந்து, சக்கரத்துக்கு மேலிருக்கும் வளைவு வீங்கி, கடைசியில் கதவுத் தூண் ஒரு நூல் முன்னால் நகரும். ஒடுக்கை மட்டும் எடுத்துப் பட்டி பூசினால் வெளியே பளபளவென்று இருக்கும். கதவு இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

பேட்டை போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இருக்கும் டிங்கர் அண்ணாச்சிக்கு வயசு அறுபத்தேழு. முழு வேலை எடுப்பதை விட்டுவிட்டார். ஸ்கூட்டர் மட்கார்டு, டிராக்டர் பானட் என்று சில்லறை வேலைதான். வண்டியைச் சுற்றி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மட்கார்டின் மேல் நீளமாக ஒரு தடவு தடவினார். கண்ணை மூடிக்கொண்டு.

“இங்கன ஒரு அலை இருக்கு பாரு. கண்ணுக்குத் தெரியாது.”

எனக்குக் கைக்கும் தெரியவில்லை. துண்டு இல்லாமல் தடவினால் விரல் தோல் பெயிண்டில் வழுக்கி ஏமாற்றிவிடும், துணி நடுவில் இருந்தால்தான் மேடுபள்ளம் தெரியும் என்றார். இதைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது.

“நான் முழுசா எடுத்துச் செய்ய மாட்டேன் தம்பி. தோள்பட்டை போயிட்டு. நீ அடிக்கியா? நான் பக்கத்துல நின்னு சொல்லுதேன்.”

அப்படித்தான் தொடங்கியது. சனி, ஞாயிறு மட்டும். அவருக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு.

முதல் நாள் சுத்தியலைத் தொடவே விடவில்லை. வண்டியை நான்கு ஸ்டாண்டில் சமமாக ஏற்றி, கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அடியில் அசையக் கூடாத இடங்கள் என்று சில உண்டு: ஸ்பிரிங் பட்டையின் முன்நுனி வளையமான முன்கண் மாட்டும் போல்ட், அதன் பின்நுனியைத் தொங்கவிடும் ஷேக்கிளின் ஊசி, பம்பர் பிராக்கெட் ஓட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் நூலை இறக்கி, குண்டு நிற்கும் புள்ளியைத் தரையில் சாக்பீஸால் குறித்தோம். வண்டியை நகர்த்திவிட்டுப் பார்த்தால் தரையில் வண்டியின் ஜாதகம் கிடந்தது. இடது முன்கண்ணிலிருந்து வலது ஷேக்கிள் ஊசிக்கும், வலது முன்கண்ணிலிருந்து இடது ஷேக்கிள் ஊசிக்கும் குறுக்காக அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு 17 மி.மீ. வித்தியாசம்.

இன்னொரு அளவு வயிற்றில் பால் வார்த்தது. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவில் இந்த வண்டிக்கு 2340 மி.மீ. இடதும் வலதும் அளந்தோம். இரண்டு மி.மீ. தான் வித்தியாசம். பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங்கின் முன்கண். அது நகரவில்லை. நகர்ந்திருந்தால் வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே ஓடும். எங்களுக்குப் பின் ஷேக்கிள் மட்டும்தான் முன்னால் சாய்ந்திருந்தது. அதாவது கை நசுங்கியது கடைசி ஒன்றரை அடியில் மட்டும். “பொழச்ச” என்றார் அண்ணாச்சி.

அடுத்தது கழற்றும் வேலை. பேட்டரி வயரை எடுத்தாகிவிட்டது. பெட்ரோல் டேங்க் பின்னால்தான் இருக்கிறது. அதை இறக்காமல் அந்தப் பக்கம் தீயே கொண்டுபோகக் கூடாது. நான் பெட்ரோலை வடித்துவிட்டு, “காலி டேங்க்தானே, அங்கேயே இருக்கட்டும்” என்றேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நிறைந்த டேங்க் எரியும், காலி டேங்க் வெடிக்கும். உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் சேர்ந்ததுதான் வெடிமருந்து. இறக்கி, வாயை அடைத்து, கொட்டகைக்கு வெளியே தூரத்தில் வேப்பமரத்தடியில் வைத்தோம்.

பிறகு பெயிண்டைச் சுரண்டினோம். சுரண்டுவதற்கு முன் ஒரு சின்ன வேலை: பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். வலது மூலையில், விளக்குக்குக் கீழே, காந்தம் கையோடு வந்துவிட்டது. கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தபோது பட்டி அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஒரு துண்டை எடுத்து வெர்னியரில் வைத்தேன். 9 மி.மீ. பட்டி இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மி.மீ. தாண்டக் கூடாது. இந்த வண்டி இதற்கு முன்பும் இதே மூலையில் அடி வாங்கியிருக்கிறது! தொண்ணூறுகளில் அப்பா ஒரு தடவை எங்கோ கொடுத்துச் ‘சரி’ செய்தது ஞாபகம் வந்தது. உள்ளே பள்ளத்தை அப்படியே விட்டு, பித்தளைப் பற்று வைத்து, மேலே மாவு பிசைந்து அப்பியிருக்கிறார்கள். முப்பது வருஷம் அது எங்களை ஏமாற்றியிருக்கிறது. வேலைக்காரனைப் பாராட்டுவதா திட்டுவதா தெரியவில்லை.

அதைவிடப் பெரியது உள்ளே இருந்தது. மட்கார்டின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவில் கையை விட முடியாத ஒரு சந்து உண்டு. துருப்பிடித்து ஓட்டையான ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிளறினேன். பொலபொலவென்று கொட்டியது, சாம்பல் நிறத்தில், சலித்த மாவு மாதிரி ஒரு மண். விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பே இல்லை. முகர்ந்து பார்த்தேன். ஆற்று வாடை.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் பெய்த மழையை நெல்லைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரையை விட்டு வெளியே வந்து ஜங்ஷனுக்குள், கொக்கிரகுளத்துக்குள், எங்கள் தெருவுக்குள் நடந்தது. பத்மினி வீட்டு வாசலில் சீட்டு மட்டம் வரை தண்ணீரில் நின்றது. வடிந்தபிறகு சீட்டைப் பிரித்துக் காயவைத்தேன், கார்ப்பெட்டைத் தூக்கிப் போட்டேன், என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரௌன் ஆயில் எல்லாம் மாற்றினேன், வீல் டிரம்மைத் திறந்து துடைத்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக நினைப்பு. தகட்டுச் சந்துக்குள் போன தண்ணீர் வடிய அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைபட்டிருக்கின்றன என்று பார்க்கத் தோன்றவில்லை. வண்டல் உள்ளேயே தங்கிவிட்டது. வண்டல் ஈரத்தை விடாது. ஒன்றரை வருஷமாக ஈரத்துணி சுற்றி வைத்த மாதிரி தகடு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அந்த லாரி முட்டாமல் இருந்தால் இன்னும் இரண்டு வருஷத்தில் மட்கார்டு தானாகவே உதிர்ந்திருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே ஒரு கம்பியை எடுத்து, கதவுக்கு அடியிலும் படிப்பெட்டிக்கு அடியிலும் டிக்கி ஓரங்களிலும் இருக்கும் அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். வலது பக்கம் மட்டும் நான் எடுத்த மண் நான்கு லிட்டர் பெயிண்ட் டப்பாவில் முக்கால்வாசி வந்தது. மனைவி அதைச் செம்பருத்திக்குப் போட்டுவிட்டாள்.

இழுக்கும் வேலைக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. கொட்டகையில் தண்டவாளத் துண்டு ஒன்றை ஆழமாகக் குழிதோண்டி கான்கிரீட்டில் நட்டிருக்கிறார். வண்டியின் முன்பக்கத்தை எதிர்த்த தூணோடு கட்டி, நசுங்கிய கையின் நுனியில் கனத்த பட்டையைப் பற்றவைத்து, அதில் செயின் பிளாக்கை மாட்டி மெல்ல இழுத்தோம். அடி எந்தத் திசையில் வந்ததோ அதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்க வேண்டும். கடைசியாக எது மடிந்ததோ அது முதலில் விரிய வேண்டும். டிக்கி உள்ளே ஒரு பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து அங்கிருந்தும் ஒரு தள்ளு. செயினுக்கு மேலே பழைய கோணிச்சாக்கு இரண்டைப் போட்டு வைத்தார். அறுந்தால் செயின் பறந்து வராமல் சாக்கு அமுக்கிவிடும். நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

செயின் விண்ணென்று முறுக்கேறி நிற்கும்போதுதான் உண்மையான வேலை. இழுத்துக்கொண்டே போனால் தகடு கிழியும். முறுக்கை அப்படியே நிறுத்திவைத்து, மடிப்பின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வர வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று ‘டிக்’ என்று ஒரு சத்தம். மடிப்பு ஒரு நூல் விட்டிருக்கும். செயினில் தொய்வு தெரியும். அதை எடுத்து, மறுபடி முறுக்கு. தளர்த்தினால் தகடு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் 2, 3 மி.மீ. கூடுதலாகவே இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை குறுக்களவு வித்தியாசம் 3 மி.மீ. ஆனது. போய்ப் பின்கதவை விரலால் தள்ளினேன். ‘டப்’ என்று சாத்திக்கொண்டது. மட்கார்டில் இன்னும் சுத்தியலே படவில்லை.

அடுத்து ஒடுக்கெடுப்பு. இதில் நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். பின்பக்கம் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்து முன்பக்கம் சுத்தியலால் தட்டுவது பார்க்கச் சுலபம். டாலி இருக்கும் இடத்திலேயே சுத்தியல் விழுந்தால் தகடு நடுவில் நசுங்கி, மெலிந்து, விரியும். டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலைப் பக்கத்து மேட்டில் போட வேண்டும். மேடு இறங்க, பள்ளம் தானாக ஏறும். அண்ணாச்சி டீ குடிக்கப் போன அரைமணி நேரத்தில் நான் ஆர்வக்கோளாறில் ஒரே இடத்தில் டங் டங்கென்று அடித்தேன். பள்ளம் போனது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு தொளதொளவென்று ஆகிவிட்டது. விரலால் அழுத்தினால் எண்ணெய் டின் மாதிரி ‘டொப்’ என்று உள்ளே போகும், விட்டால் ‘டொப்’ என்று வெளியே வரும்.

வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கேஸ் டார்ச்சில் சின்ன நாசிலை மாட்டினார். அந்த இடத்தின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் சூடேற்றினார். தகடு நீலமாகி, கறுத்து, செர்ரிச் சிவப்பு ஆனவுடன் டார்ச்சை விலக்கி, அடியில் டாலியைக் கொடுத்து, சிவந்த இடத்தைச் சுற்றிலும் நான்கைந்து தட்டு. உடனே ஈரத்துணி. ‘சுர்ர்’. சூட்டில் விரியப் பார்த்த தகட்டைச் சுற்றியிருக்கும் குளிர்ந்த தகடு விரியவிடாது. அது தடித்து, ஆறும்போது இழுத்துச் சுருங்கும். இப்படி ஐந்து பொட்டு. ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் நடுவில் கை வைக்கிற சூடு வரும்வரை காத்திருந்தார். கடைசியில் விரலால் அழுத்தினேன். கல் மாதிரி நின்றது.

“பாத்திரத்துல ஒடுக்கெடுக்கவனுக்கும் எனக்கும் வேலை ஒண்ணுதான். அவன் விட்டா ஓட்டை வுழும், நான் விட்டா ஊதிப்போவும்” என்றார். அவ்வளவுதான் திட்டு.

அரித்துப்போன தகட்டை வெட்டினோம். பின்விளக்குக்குக் கீழே ஒரு அடிக்கு எட்டு அங்குலம், டிக்கித் தரையின் வலது ஓரத்தில் ஒரு முழம், உள்தகட்டில் ஒரு பட்டை. நல்ல தகடு எங்கே தொடங்குகிறது என்று ஊசிமுனைச் சுத்தியலால் குத்திக் குத்திப் பார்த்து, அதற்கும் ஒரு அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும். கஞ்சத்தனம் பார்த்தால் பற்று வைக்கும்போது ஓரம் உருகி ஓடும். தொழிற்சாலைப் பற்றுகள் பொட்டுப் பொட்டாக இருந்தன. அவற்றை 8 மி.மீ. டிரில்லால் மேல்தகட்டை மட்டும் துளைத்துப் பிரித்தோம். நல்ல இடத்தில் பழைய தகடு 0.9 மி.மீ. இருந்தது. அதனால் 20 கேஜ் சிஆர் இரும்புத் தகடு வாங்கினோம்.

அளவு எடுக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரி. வளையும், மடியும், கத்தரியில் வெட்டலாம். அந்த மாதம் வந்த ஐந்து பத்திரிகை இதற்கே போனது. அட்டையைத் தகட்டில் வைத்துக் கீறி, வெட்டி, மணல்மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் வளைவு ஏற்றினோம். பின்மூலை மீன்வால் மாதிரி லேசாக எழும்பும் இடம் மட்டும் நான்கு தடவை தப்பியது. ஐந்தாவதை அண்ணாச்சியே அடித்தார், தோள்பட்டை வலியோடு.

பற்றுக்கு சிஓ2 வெல்டிங் மிஷின், 0.8 மி.மீ. கம்பி. தொடர்ச்சியாக இழுத்தால் தகடு சூடேறி அலையலையாகிவிடும். மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு, நடுவில் ஒன்று, ஈரத்துணி, காத்திரு. ஒரு அடி நீளத்துக்கு ஒரு மணி நேரம். முழுசாகப் பற்றுவதற்கு முன்னால், நாலு பொட்டில் நிற்கும்போதே, டிக்கி மூடி, பின்விளக்கு, பம்பர் மூன்றையும் மாட்டிப் பார்த்தோம். இதைத் தவறவிடவே கூடாது. டிக்கி மூடியைச் சுற்றி இரண்டு தீக்குச்சி நுழையும் இடைவெளி வர வேண்டும். வலது கீழ்மூலையில் ஒன்றுகூட நுழையவில்லை. இரண்டு பொட்டை அறுத்து, நெம்பி, மறுபடி வைத்தோம். பெயிண்ட் அடித்தபிறகு இது தெரிந்திருந்தால் அழுதிருப்பேன்.

பட்டிக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பட்டி போட்டதும் தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்ப்பது வழக்கம். தூசி பறக்காது, தாளும் அடைக்காது. ஆனால் பாலியெஸ்டர் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அது தகடுவரை போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷத்தில் கொப்புளம். அண்ணாச்சியிடமே இதில் எனக்கு வாக்குவாதம். கடைசியில் என் வழிக்கு வந்தார், “தூசிய நீ தின்னு” என்ற நிபந்தனையோடு. முதலில் தகட்டில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பட்டி, 80-ஆம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றிக் காய்ந்த தேய்ப்பு, பிறகு 180, பிறகு பிரைமர், அதற்கப்புறம்தான் தண்ணீரும் 600-உம். ஜூன் வெயிலில் பட்டியில் ஹார்ட்னர் கொஞ்சம் கூடினால் தட்டிலேயே கல்லாகிவிடும். இரண்டு உருண்டை அப்படிப் போனது.

பெயிண்ட் அடிக்க முடியவில்லை. ஆனி, ஆடிக் காற்று. செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் இரண்டு வழியாகவும் காற்று புகுந்து வீசும் மாசங்கள் அவை. கொட்டகைத் தகரம் இரவெல்லாம் படபடக்கும். ஈரப் பெயிண்டில் பேட்டை மண் முழுக்க வந்து உட்காரும். வண்டி பிரைமர் சாம்பல் பூசிக்கொண்டு ஏழு வாரம் நின்றது. அந்த நேரத்தில் பம்பரை நிமிர்த்திக் கோயம்புத்தூருக்கு முலாம் போட அனுப்பினேன். பின்விளக்கு லென்ஸுக்கு அலைந்தேன். 2023 அக்டோபரோடு பம்பாயில் பத்மினி டாக்சியே இல்லாமல் போனபிறகு சாமான் வரத்து குறைந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஜோடி கிடைத்தது. இடதுக்கும் வலதுக்கும் சிவப்பு கொஞ்சம் வேறு.

ஆவணி பிறந்து நான்காம் நாள், விடிகாலை ஐந்தரைக்கு, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தோம். டிக்கி ரப்பருக்கு அடியில் வெயில் படாமல் இருந்த அசல் பிஸ்கட் கலரை வைத்துக் கலந்த பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் மிச்சமிருந்த இடத்தை எபாக்ஸியால் மூடியிருந்தோம். இல்லாவிட்டால் தின்னர் பட்டுச் சுருங்கும். பி.யு. ஹார்ட்னர் ஆவி நுரையீரலுக்கு எமன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். வடிகட்டி மாட்டிய முகமூடி இல்லாமல் அண்ணாச்சியை ஸ்பிரே கன்னைத் தொடவிடவில்லை. “பேய் மாதிரி இருக்கேனா?” என்று கேட்டுவிட்டு அடித்தார். மூன்று கோட்டு.

உள்சந்துகளில் மெழுகு அடித்தேன். வடிகால் ஓட்டைகள் பெயிண்டில் அடைபடாமல் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பார்த்தேன். எல்லாம் மாட்டி முடித்து, சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தேன். பிரேக் விளக்குக்குப் பதில் வலது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கு கண் சிமிட்டியது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். வயர் சரிதான். பின்விளக்குக்கு எர்த் பாடி வழியாக வருகிறது. நான் அந்தப் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தேன். கரண்ட் இறங்க வழியில்லாமல் மற்ற பல்புகள் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. நாணயம் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, போல்ட்டை முடுக்கினேன். சரியானது.

மொத்தச் செலவு, முலாம் உட்பட, அறுபத்தோராயிரம். லாரிக்காரர் கொடுத்த எட்டாயிரம் கேஸுக்கும் தகட்டுக்கும் சரியாகப் போனது.

ஐப்பசி முதல் மழை இரவெல்லாம் பெய்தது. காலையில் டிக்கியைத் திறந்தேன். வலது பக்கம் பொட்டு ஈரம் இல்லை. இடது மூலையில், நான் கையே வைக்காத பக்கத்தில், தரை விரிப்பு நனைந்திருந்தது. உள்ளே போய்ப் பழைய காந்தத்தை எடுத்துவந்து இடது மட்கார்டில், விளக்குக்குக் கீழே வைத்தேன். ஒரு கணம் நின்றுவிட்டு விழுந்தது.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். தை பிறக்கட்டும், அதுக்குள்ள கேஸ் சிலிண்டரை நிரப்பி வை என்றார்.